கே.பி.எஸ். பாட்டு பென்டிரைவ்: கொடுமுடிக் கோகிலம் எவ்வளவு தேறுகிறார்?

முருகன் கோயில் வாசல்களிலும் பஸ் ஸ்டாண்டு கடைகளிலும் சரம் சரமாகத் தொங்குகிற பக்திப் பாட்டு பென்டிரைவ்களில், பழைய நாடக, சினிமாப் பாடகி 'கே.பி. சுந்தராம்பாள்' பெயர் போட்ட ஒன்றும் இருக்கும். அட்டையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஔவைப் பாட்டி முகம், உள்ளே நாற்பதோ ஐம்பதோ பாட்டு. ஒரே கம்பெனி தயாரிப்பு என்று எதுவும் கிடையாது. ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் நகலெடுத்து, மூன்றாமவர் அட்டை மாட்டி விற்கிறார். அதனால் இந்த மதிப்பீடு எந்தக் கடையைப் பற்றியும் அல்ல. இந்த மாதிரிச் சரக்கில் பொதுவாக என்ன இருக்கிறது, எது கெட்டுப் போயிருக்கிறது, கெட்டதற்கு என்ன காரணம், இதைவிட நல்லதாக எதைக் கேட்கலாம் என்பதுதான் விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காலையில் காரில் போட்டுக்கொண்டு போக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்கலாம். அந்த அம்மாளின் குரலுக்கு ஏன் அப்படிக் கூட்டம் கூடியது என்று தெரிந்துகொள்ள வாங்குகிறீர்கள் என்றால் பாதிதான் தேறும். பாட்டுத் தேர்வை இதற்குக் குறை சொல்ல முடியாது. இரைச்சலை எடுக்கிறேன் பேர்வழி என்று குரலையும் சேர்த்து வழித்து எடுத்துவிட்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ள அந்தக் குரல் எங்கே உருவானது என்று பார்க்க வேண்டும். 1908இல் காவிரிக் கரையில் கொடுமுடியில் பிறந்தவர். சின்ன வயதில் வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியை எஃப்.ஜி. நடேச ஐயர் கண்டுகொண்டு, பி.எஸ். வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்த்துவிட்டதாகச் சொல்வார்கள். 'நல்லதங்காள்', 'பவளக்கொடி', 'ஞானசௌந்தரி', 'வள்ளி திருமணம்' என்று சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த நாடக உலகம் அது. கீற்றுக் கொட்டகை, விடிய விடிய ஆட்டம், பக்கத்தில் ஆர்மோனியமும் மிருதங்கமும். மைக் கிடையாது. கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கு வார்த்தை விளங்கவில்லை என்றால் அங்கேயே எழுந்து சத்தம் போடுவான். அந்தப் பயிற்சியில் வந்த குரலுக்கு ஒரு தனி அமைப்பு உண்டு. அடித்தொண்டைக் கனத்தைவிட, காதுக்கு நேரே வந்து குத்துகிற அந்த 'கணீர்'தான் அதன் பலம். ஒலிக் கணக்கில் சொன்னால் சுமார் 2,500 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்பதும் அங்கேதான்.

பழைய அரக்குக் கிராமபோன் தட்டின் கரகரப்பும் அதே இடத்தில் தொடங்கி மேலே போகிறது. கம்ப்யூட்டரில் இரைச்சல் நீக்கியை முழுசாகத் திருகிவிட்டால் அது கரகரப்பையும் கணீரையும் பிரித்துப் பார்க்காது, இரண்டையும் தூக்கிவிடும். மிஞ்சுவது போர்வைக்குள் இருந்து பாடுகிற மாதிரி ஒரு குரல். போதாக்குறைக்கு, 'தெய்வீகமாக' இருக்கட்டும் என்று எதிரொலியை வேறு அள்ளிப் போடுகிறார்கள். கொட்டகையில் எதிரொலியே இல்லாமல் நின்ற குரலுக்கு இது அநியாயம்.

கடையிலேயே இதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதலில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடைவெளியைக் கவனியுங்கள். அங்கே சுத்தமான நிசப்தம் இருந்தால் அளவு மீறி வழித்திருக்கிறார்கள். லேசான 'உஸ்' சத்தம் தொடர்ந்து இருந்தால் அதுதான் நல்ல பிரதி. அடுத்து ழகரம், றகரம், சகரம். சுந்தராம்பாள் இவற்றை மழுப்பவே மாட்டார். 'பழம்' என்பது 'பளம்' மாதிரி கேட்டால் குற்றம் அவருடையது அல்ல. மூன்றாவது, நீண்ட கார்வைகளில், அதாவது ஒரே சுரத்தை இழுத்து நிறுத்துகிற இடங்களில், குரலோடு சேர்ந்து தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஒரு நெளிவு வந்தால், அது பல தடவை சுருக்கிச் சுருக்கி எடுத்த கோப்பு.

கோப்பின் அளவும் கொஞ்சம் சொல்லும். மூன்று நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ் தரத்தில் ஏறக்குறைய 2.9 எம்பி வரும், 320இல் 7.2 எம்பி. ஒன்றரை எம்பிதான் இருக்கிறது என்றால் வேண்டாம். ஆனால் 7 எம்பி இருப்பதால் மட்டும் நல்லது என்று நம்பிவிடவும் கூடாது. மட்டமான கோப்பைப் பெரிய அளவில் மறுபடி சேமித்தால் அளவுதான் கூடும், தரம் கூடாது. உள்ளபடி பார்த்தால் அந்தக் காலத் தட்டுப் பதிவுகளுக்கு 128 தாராளம். தட்டில் இருப்பதே பெரும்பாலும் எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். கேடு வருவது சுருக்குவதற்கு முன்னால் செய்கிற வேலைகளில்.

சுருதி இன்னொரு தலைவலி. அந்தக் காலத் தட்டுகள் நிமிடத்துக்கு 78 சுற்று என்று பேருக்குத்தான், எல்லாப் பதிவும் துல்லியமாக அந்த வேகத்தில் நடக்கவில்லை. நகலெடுக்கும்போது வேகம் 6 சதவீதம் கூடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். சுந்தராம்பாள் ஏற்கெனவே உச்ச சுருதியில் பாடுகிறவர். அதற்கு மேலும் ஏற்றினால் கீச்சுக் குரலாகி, கமகங்கள் (சுரத்தை அசைத்துப் பாடும் இடங்கள்) நடுங்குவது போலக் கேட்கும். கைபேசியில் சுருதிப் பெட்டி செயலி இருந்தால் பாட்டின் ஷட்ஜத்தோடு, அதாவது ஆதார 'ஸ'வோடு, ஒட்டிப் பாருங்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தொங்கினால் வேகம் தவறு என்று சந்தேகிக்கலாம். பழைய ஆர்மோனியங்களும் இன்றைய சுருதிக்கு முழுக்கச் சரியாக இருந்ததில்லை என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள வேண்டாம். குரல் மனிதக் குரலாகக் கேட்கிறதா என்பதுதான் கடைசிச் சோதனை. வேகம் தவறு என்று தெரிந்தால் இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் 'வேகம் மாற்று' என்பதைத் தேர்ந்து 3, 4 சதவீதம் குறைத்துப் பாருங்கள். சுருதியை மட்டும் மாற்றுகிற வசதியைத் தொடாதீர்கள், குரல் இயந்திரத்தனமாகிவிடும்.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும். மேடையில் அரை மணி நேரம் நீட்டிய பாட்டைத் தட்டுக்காக நறுக்க வேண்டியிருந்தது, நறுக்க முடியாததை இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள். பென்டிரைவ்காரர் இதைக் கவனிப்பதில்லை. முதல் பாகம் 12ஆவதாக இருக்கும், இரண்டாம் பாகம் 37ஆவதாகப் பல்லவியே இல்லாமல் திடுக்கென்று தொடங்கும். வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் இறக்கி, கோப்புப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு, ஜோடிகளை அடுத்தடுத்து வைத்து மறுபடி ஏற்றுவது. பல கார் ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்க்காமல், ஏற்றிய வரிசையில்தான் பாடும். அதனால் ஒவ்வொன்றாக, வரிசைப்படி ஏற்றுங்கள். பழைய ஸ்டீரியோ என்றால் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும்.

ஆள் மாறாட்டமும் நடக்கிறது. நாடக நடிகரும் பாடகருமான கிட்டப்பாவின் பாட்டுகளைக் கே.பி.எஸ். பெயரில் சேர்த்துவிடுகிறார்கள். செங்கோட்டை கிட்டப்பாவின் குரல் அத்தனை உச்சத்தில் நிற்கும், முதன்முறை கேட்கிறவர்களுக்குப் பெண் குரலோ என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை. 'காயாத கானகத்தே' அவருடையது. உங்கள் பென்டிரைவில் அது சுந்தராம்பாள் பெயரில் இருந்தால் பெயரைத் திருத்துங்கள், பாட்டை அழித்துவிடாதீர்கள். பிரித்தறிய ஒரு வழி: கிட்டப்பாவின் பிருகாக்கள் (வேகமான சுர உருட்டல்கள்) மின்னல் மாதிரி ஓடும், சொல் பின்னால் வரும். சுந்தராம்பாளிடம் சொல்தான் முன்னால். ஒரு எழுத்தின் மேல் உட்கார்ந்து அழுத்தம் கொடுத்துவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர்வார்.

இருவரும் இலங்கை மேடைகளில் சேர்ந்து நடித்துக் கணவன் மனைவியானவர்கள். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, இவருக்கு 25. அதற்குப் பின் வெள்ளைப் புடவை, திருநீறு, எந்த ஆண் நடிகருக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்ற உறுதி. அட்டைப் படத்தில் பார்க்கிற அந்தக் கோலம் வேஷம் அல்ல, சொந்த வாழ்க்கையிலும் அதுதான். தமிழ் சினிமாவில் அவருக்கு வந்த பாத்திரங்கள் எல்லாம் பக்தர், துறவி, மூதாட்டி என்று ஏன் அமைந்தன என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. பென்டிரைவ் அட்டையின் பின்பக்க வாழ்க்கைக் குறிப்பு இதைச் சொல்லாமல் 'தெய்வப் பாடகி' என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறது.

அட்டைகள் விடுகிற இன்னொன்று அரசியல். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அழைத்துவந்து கட்சி மேடைகளில் பாட வைத்தார். கூட்டம் பேச்சுக்கு வந்ததா பாட்டுக்கு வந்ததா என்று கேட்டால் சங்கடம்தான். பிற்பாடு சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். 'காந்தியோ பரம ஏழை சந்நியாசி' போன்ற தேசியப் பாட்டுகள் பக்தித் தொகுப்பில் இடம்பெறுவதில்லை. தனியாகத் தேட வேண்டும்.

இனி, சினிமாப் பாட்டு. இங்கேதான் பென்டிரைவ் கொடுத்த காசுக்கு ஓரளவு ஈடு செய்கிறது, ஏனென்றால் மூலப் பதிவே பிற்காலத்தது. 'திருவிளையாடல்' (1965) படத்தின் 'பழம் நீயப்பா'வை எடுத்துக்கொள்ளுங்கள். கே.வி. மகாதேவன் இசை. பாட்டுக்கு முன்னால் 'ஞானப்பழத்தைப் பிழிந்து' விருத்தம் வருகிறது. நாடக மேடையில் பாடிப் பாடி ஊறிய சங்கரதாஸ் சுவாமிகள் உருப்படி அது. பல தொகுப்புகளில் இந்த விருத்தத்தை வெட்டிவிட்டு நேராகப் பல்லவிக்கு வருகிறார்கள். அப்படி வெட்டிய பிரதி கிடைத்தால் தயங்காமல் ஒதுக்குங்கள். தாளம் இல்லாமல் குரல் மட்டும் நிற்கிற அந்த இடத்தில்தான் கொட்டகைக் காலத்துக் கே.பி.எஸ். அப்படியே இருக்கிறார். சொல்லைப் பிடித்து மேலே ஏற்றி, உச்சியில் ஒரு கணம் நிறுத்தி, மூச்சு தெரியாமல் இறங்குவதைக் கவனியுங்கள். பிறகு வாத்தியக் குழு சேர்ந்ததும் அதே குரல் அளவாகக் குறைந்து தாளத்துக்குள் உட்காருகிறது. மேடையும் சினிமாவும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து.

'பூம்புகார்' (1964) படத்தின் 'வாழ்க்கை என்னும் ஓடம்', 'மகாகவி காளிதாஸ்' (1966) படத்தின் 'சென்று வா மகனே', 'கந்தன் கருணை' (1967) படத்தின் 'அரியது கேட்கின்' ஆகியவை எந்தத் தொகுப்பிலும் இருக்கும், பெரும்பாலும் நன்றாகவும் இருக்கும். 'அரியது கேட்கின்' கேள்வி பதிலாகப் போவதால் சிலர் முருகனின் வசனத்தை நறுக்கிப் பாட்டை மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். கேள்வி இல்லாத பதில், அபத்தம். 'துணைவன்' (1969) பாட்டுகளை விடாதீர்கள், சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ.

பாட்டோடு படமும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இணையத்தில் இருப்பவை பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் படமான 'நந்தனார்' (1935) என்று போட்டிருப்பதைத் திறந்தால் அநேகமாக 1942இல் ஜெமினி எடுத்த, தண்டபாணி தேசிகர் நடித்த 'நந்தனார்'தான் ஓடும். சுந்தராம்பாளின் நந்தனார் வேறு. அதில் அவர் ஆண் வேடத்தில் நந்தனாராகவே நடித்தார், வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். அதற்கு அவருக்குப் பேசிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய், 1935இல். பெண் ஆண் வேடம் கட்டுவதும் ஆண் பெண் வேடம் கட்டுவதும் நாடகக் கொட்டகையில் அன்றாடச் சங்கதி என்பதை நினைவில் வைத்தால் அதில் வியக்க ஒன்றும் இல்லை, சம்பளத்தைத் தவிர.

பார்க்க வேண்டிய படம் 'அவ்வையார்' (1953). எஸ்.எஸ். வாசன் தயாரிப்பு, கொத்தமங்கலம் சுப்பு இயக்கம். அப்போது சுந்தராம்பாளுக்கு 45 வயதுகூட நிரம்பவில்லை. ஆனால் கோலை ஊன்றுகிற விதம், உட்காருவதற்கு முன் ஒரு கையால் தரையைத் தேடுகிற விதம், பேசத் தொடங்கும் முன் ஒரு கணம் தாமதிப்பது, எல்லாம் முதுமை. பாடத் தொடங்கினால் மட்டும் முதுகு நிமிர்ந்து, வாய் முழுசாகத் திறந்து, முகம் நேராக நம்மைப் பார்க்கும். இதை நடிப்புக் குறை என்பவர்கள் உண்டு. மேடையில் பாட்டு வந்தால் சபையை நோக்கித் திரும்ப வேண்டும் என்பது விதி, அது அவரை விடவில்லை என்பதே சரி. யானைக் கூட்டம் கோட்டையை இடிக்கும் காட்சி இன்றும் பெரிய திரையில் பார்த்தால் வாயைப் பிளக்க வைக்கும். சொந்தக் குரலிலேயே பாடி நடிப்பதால் உதட்டசைவும் மூச்சும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகின்றன.

ஆனால் பிரதி சரியாக இருக்க வேண்டும். இது கிட்டத்தட்ட சதுரச் சட்டகத்தில் எடுத்த படம். டிவியில் பக்கங்களை இழுத்து நிரப்பினால் ஔவை அகலமாகிவிடுவார், மேலும் கீழும் வெட்டி நிரப்பினால் நெற்றித் திருநீறு காணாமல் போகும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்ட பிரதியைத் தேடுங்கள், டிவி அமைப்பில் '4:3' என்று வையுங்கள். ஒரு ரீல் சுமார் 11 நிமிடம். ரீல் முடிகிற இடங்களில் பிரிண்ட் தேய்ந்து, ஒட்டுப்போட்டு, சில விநாடிகள் காணாமல் போயிருப்பது இயல்பு. பாட்டு நடுவில் துள்ளினால் உங்கள் இணைய இணைப்பைத் திட்ட வேண்டாம்.

இதையெல்லாம் தாண்டி மூலத் தட்டே வேண்டும் என்கிறவர்களுக்கு: சென்னையில் மூர் மார்க்கெட் எரிந்தபின் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போன கடைகளிலும், காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும் 78 சுற்றுத் தட்டுகள் வருவது உண்டு. கையில் எடுத்தால் ஓரத்தை மட்டும் பிடியுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்பாகப் பளபளத்தால் நல்லது, சாம்பல் பூத்த மாதிரி இருந்தால் இரும்பு முள் பள்ளத்தைத் தின்றுவிட்டது என்று அர்த்தம், எத்தனை கழுவினாலும் வராது. விரலால் மெல்லத் தட்டினால் கிணுகிணுப்பு வர வேண்டும். 'டொக்' என்றால் எங்கோ மயிரிழை விரிசல்.

கழுவ வேண்டுமென்றால் வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பருத்தித் துணி, பள்ளத்தின் போக்கில் வட்டமாக. நடு லேபிள் நனையக் கூடாது. ஸ்பிரிட், சானிடைசர் எதையும் கிட்டேயே கொண்டுவராதீர்கள், அரக்கு அதில் கரையும், தட்டு பாழ். பிற்கால எல்.பி. தட்டுகளுக்கான முள்ளில் போட்டாலும் ஏமாற்றம்தான். அந்த முள்ளின் நுனி ஒரு மில்லுக்கும் குறைவு, 78 பள்ளத்துக்கு மூன்று மில் (0.003 அங்குலம்) முள் வேண்டும். சின்ன முள் பள்ளத்தின் அடியில் புழுதியில் உரசிக்கொண்டு போகும், நமக்கு இரைச்சல் மட்டும் கேட்கும். பளபளவென்று பித்தளைக் குழாய் மாட்டி அலங்காரத்துக்கு விற்கும் புதுப் 'பழைய' கிராமபோன்களில் நல்ல தட்டைப் போடவே கூடாது. அவற்றின் தலைக் கனம் நாலு தடவையில் தட்டைச் சுரண்டிவிடும். அசல் கிராமபோன் என்றால் இரும்பு முள்ளை ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாற்றுங்கள். முள் மலிவு, தட்டுக்கு மாற்று கிடையாது.

பென்டிரைவோடு நிற்கிறவர்கள் குறைந்தபட்சம் ஸ்டீரியோவில் 'பாஸ் பூஸ்ட்' போன்றவற்றை அணைத்துவிட்டு, ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றி, 'காரைக்கால் அம்மையார்' (1973) படத்தின் 'தகதகதகவென ஆடவா'வைப் போட்டுப் பாருங்கள். குன்னக்குடி வைத்தியநாதன் இசை, தாளம் ஓட ஓட சொல் மேலே மேலே ஏறுகிறது. அப்போது சுந்தராம்பாளுக்கு வயது 65ஐ ஒட்டி. குரலில் லேசாகக் கரகரப்பு விழுந்திருக்கிறது. அந்தக் கரகரப்பு அவருடையதேதான், அதை யாரும் கிளீன் செய்யாமல் விட்ட பிரதியாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.